முதல் ஆறு வாரம்: வெயிட் மெஷின் ஏறி இறங்கும்போது என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை 80.6. திங்கட்கிழமை காலை 82.0.

என் நோட்டில் இரண்டாவது வாரம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரே நாளில் ஒரு கிலோ நானூறு கிராம் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர, அதற்கு முந்தைய ஆறு நாளும் சர்க்கரை போடாத டீ, ராத்திரிக்கு மூன்று இட்லி, மொட்டை மாடியில் முக்கால் மணி நேர நடை. மெஷினை விட்டு இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். விடாமல் இருந்ததற்கு என் வேலைதான் காரணம். வீடு தண்டையார்பேட்டை, மண்ணடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள் கல்லாவில் பணம் குறைந்தால் கடை நஷ்டத்தில் போகிறது என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார். சரக்கு வந்து இறங்கிய நாளில் பணம் வெளியே போகும், பாக்கி வசூலான நாளில் கல்லா நிறையும். மாதக் கணக்கை முடித்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும். பதினைந்து வருஷமாகக் கடைக் கணக்கை இப்படிப் பார்க்கிறவள், உடம்பின் கணக்கை மட்டும் ஏன் ஒரு நாளை வைத்து முடிக்கிறேன் என்று அன்று மெட்ரோவில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

எடை குறைக்க இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள், எண் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டுகிறது என்றால், இது உங்களுக்காக. என்ன சாப்பிடலாம் என்ற பட்டியல் இதில் இல்லை. அதை ஏற்கெனவே யாராவது கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடாமல் முதல் ஆறு வாரத்தைத் தாண்டுவது எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் மெஷினை நம்பும்படி வையுங்கள்

மெடிக்கல் ஷாப் வாசலில் ஒரு நாள், ஜிம்மில் ஒரு நாள், அக்கா வீட்டில் ஒரு நாள் என்று எடை பார்த்தால் எதுவும் புரியாது. ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஒரே மெஷின், ஒரே இடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், தண்ணீர் ஊற்றினால் தானாக ஒரு மூலைக்கு ஓடும். அந்த மாதிரி இடத்தில் மெஷினை வைத்தால் நின்ற நிலையைப் பொறுத்து எண் மாறும். பாய், மிதியடி மேலும் வைக்கக் கூடாது. சமமான ஒரு டைல்ஸைத் தேடிப் பிடித்து, மூலையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தினமும் அங்கேயே வையுங்கள்.

மெஷின் சரியா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. மூடி பிரிக்காத 20 லிட்டர் தண்ணீர் கேனை அதன் மேல் வைத்து எடுங்கள். மூன்று தடவை வைத்தாலும் ஒரே எண், அல்லது 100 கிராம் முன்னே பின்னே வந்தால் போதும். தண்ணீர் 20 கிலோ, அதோடு காலி கேனின் எடையும் சேரும். மூன்று தடவையும் வெவ்வேறு எண் வந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி லேசான உடையில் ஏறுங்கள். ஈரத் தலையோடும், கனமான நைட்டியோடும் வேண்டாம். ராத்திரி பார்த்த எடையை இன்னொரு நாள் காலை எடையோடு ஒப்பிடவே கூடாது. நாள் முழுக்கச் சாப்பிட்டதும் குடித்ததும் உள்ளே இருக்கும்போது ஒரு கிலோவுக்கு மேல் கூடத் தெரிவது சாதாரணம்.

எழுதுங்கள், வாரத்துக்கு ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டு போதும். தேதி, எடை, பக்கத்தில் ஒன்றிரண்டு வார்த்தை. ஏழு நாள் எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் அந்த வாரத்தின் சராசரி. அதை மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள்.

என் முதல் வாரம் இது: 82.6, 82.1, 81.5, 81.2, 80.9, 80.8, 80.6. சராசரி 81.4.

இரண்டாவது வாரம்: 82.0, 81.6, 81.3, 80.9, 80.8, 80.9, 80.5. சராசரி 81.1.

நான் அழுத திங்கட்கிழமை இந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டால் ஒன்றரைக் கிலோ ஏறிப்போன வாரம். சராசரியைப் பார்த்தால் 300 கிராம் இறங்கிய வாரம். உண்மையில் கொழுப்பு போய்க்கொண்டிருந்ததை இரண்டாவது கணக்குதான் சொன்னது.

தினமும் ஏறிப் பார்ப்பது மனதைப் பாதிக்கிறது என்றால் வாரத்தில் மூன்று நாள் போதும்: திங்கள், புதன், வெள்ளி. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் பார்ப்பதை மட்டும் முதல் ஆறு வாரத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த ஒரு நாள் தற்செயலாக ஏறிய நாளாக இருந்துவிட்டால், ஏழு நாள் உழைப்பும் வீண் என்று தோன்றிவிடும்.

ஏறியது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே நாளில் 1.4 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இன்னும் பத்தாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். அது ஒரு ஆள் ஐந்து நாள் சாப்பிடும் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியில் அது முடியாது.

இதையே திருப்பிப் பாருங்கள். தினமும் 500 கலோரி குறைத்துக்கொண்டால், அது நல்ல கட்டுப்பாடு, ஒரு நாளைக்குப் போகிற கொழுப்பு சுமார் 65 கிராம். நம் வீட்டு மெஷின் 100 கிராமுக்கு ஒரு முறைதான் எண்ணை மாற்றும். ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம். அப்படியென்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மெஷின் காட்டுகிற ஏற்ற இறக்கத்தில் கொழுப்பின் பங்கு மிகச் சிறியது. மற்றதெல்லாம் தண்ணீர், வயிற்றில் இருக்கும் சாப்பாடு, குடலில் இருக்கும் கழிவு.

முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரைக் கிலோ. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கொஞ்சம் கரையும், அதோடு தண்ணீரும் வெளியேறும். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று குறைந்தது போலத் தெரியும். இரண்டாவது வாரத்தில் அந்த வேகம் நின்றுவிடும். பலர் மனம் உடைவது இங்கேதான். உண்மையான வேகம் இப்போதுதான் தொடங்குகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். சிலருக்கு கால் கிலோதான் வரும், அதுவும் குறைவதுதான்.

அடுத்தது உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏற்ற அளவு அது. வழக்கத்தைவிட அதிகமாக உப்பு உள்ளே போனால், அது நீர்த்துப்போகும் அளவுக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்ற இரண்டு மூன்று நாள் ஆகலாம். கூடுதலாக ஒரு ஸ்பூன் உப்புக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அது ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அதனால் எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கருவாடுதான் ஓடும். அன்று மதியம் அண்ணன் வீட்டில் பிரியாணி, ராத்திரி நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய், இரண்டு அப்பளம். உப்புக்கு மேல் உப்பு. மறுநாள் காலை மோதிரம்கூட விரலில் இறுகியிருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. மெஷினில் ஏறிய 1.4 கிலோவும் மோதிரத்தை இறுக்கிய நீரும் ஒன்றுதான்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய சில நாளில் உடம்பு நீர் பிடிக்கும். அரைக் கிலோவும் ஏறலாம், சிலருக்கு இரண்டு கிலோவும் ஏறலாம். விலக்கு ஆன சில நாளில் தானாக இறங்கிவிடும். என் மூன்றாவது வாரச் சராசரி 81.3. அதாவது முந்தைய வாரத்தைவிட 200 கிராம் கூடுதல். நான்காவது வாரம் 80.4. நடுவில் நான் புதிதாக எதையும் செய்யவில்லை, தேதிதான் வந்து போனது. அதனால் பெண்கள் இந்த மாதத்தின் விலக்குக்கு முந்தைய வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். வீட்டில் கணவரும் நீங்களும் ஒன்றாக ஆரம்பித்து, அவருக்கு மட்டும் நேர்கோட்டில் இறங்குகிறது என்றால் இது ஒரு முக்கியக் காரணம்.

புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கும் ஏறும். கெண்டைக்கால் கல் மாதிரி வலிக்கிறதே, அந்த வலி இருக்கும் வரை தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நீரைப் பிடித்து வைத்திருக்கும். பயிற்சியை நிறுத்தாதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மலச்சிக்கலை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சாப்பாட்டைக் குறைக்கும்போது காய், கீரை, தண்ணீர் எல்லாமே சேர்ந்து குறைந்துவிடும். மூன்று நாள் வயிறு போகவில்லை என்றால் அந்த எடையும் மெஷினில் நிற்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டி ஒரு கிலோ குறைந்தது போலத் தெரியும். வடசென்னையில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். எடைப் பிரிவுக்குள் வருவதற்காக உடம்பை மூடிக்கொண்டு ஓடி, வியர்வையில் எடையை இறக்குவார்கள். எடை பார்த்து முடித்துத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டதும் போனது திரும்பி வந்துவிடும். அவர்களுக்கே அது ஆபத்தான வேலை. நமக்கு வேண்டவே வேண்டாம். எண் குறைய வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ஏறிய நாளை எப்படி ஓட்டுவது

எண் ஏறியதால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஏறியதைப் பார்த்த பிறகு நாம் செய்கிறதில்தான் கெடும்.

அந்தத் திங்கட்கிழமை நான் காலையில் சாப்பிடவில்லை. மதியம் டப்பாவைத் திறந்து பாதியைக் கொட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை விட்டு வெளியே வந்தபோது கை நடுங்கியது. மண்ணடியிலிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப்பும், வெங்காயம் அடைத்த முட்டையும். "எப்படியும் கெட்டுப்போச்சு, இன்னிக்கு ஒரு நாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒரு தட்டு அத்தோவில் தப்பே இல்லை. இரண்டாவது தட்டு பசியால் வந்தது, அந்தப் பசி காலையில் நான் விட்ட சாப்பாட்டால் வந்தது.

அதனால் ஏறிய நாளுக்கு என்று ஒரு ஒழுங்கை முன்கூட்டியே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். என்னுடையது இதுதான். எண்ணை எழுது. பக்கத்தில் காரணம் எழுது: கருவாடு, தேதி நெருங்குகிறது, கால் வலி, வயிறு போகவில்லை, ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு. காரணம் தெரியவில்லை என்றால் ஒரு கோடு போடு. அப்புறம் நேற்று என்ன சாப்பிடுவதாக இருந்ததோ அதையே இன்றும் சாப்பிடு. காலை உணவை விடாதே. வழக்கம் போலத் தண்ணீர் குடி. வழக்கமான நேரம் நட, இரண்டு மடங்கு நடக்காதே. மறுநாள் காலை வரை மெஷினை எடுக்காதே.

கடைசி வரி எனக்கு ரொம்ப உதவியது. ஏறிய நாளில் ஒரு மணிக்கு ஒரு தரம் ஏறி ஏறிப் பார்க்கத் தோன்றும். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

இன்ச் டேப் சொல்வதையும் கேளுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில், தையல் டேப்பால் இடுப்பை அளங்கள். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப் வர வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சை இயல்பாக விட்டதும் அளவு எடுக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது வரம்பு. அதைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடுகிறது.

நான் ஆரம்பித்தபோது 97. மூன்றாவது வாரம், மெஷின் சராசரி ஏறிய அதே வாரம், 96. ஆறாவது வாரம் 93.5. மெஷின் கையை விரித்த நேரத்தில் டேப்தான் என்னை நிறுத்தி வைத்தது.

வேறு அடையாளங்களும் வரும். பிளவுஸில் கடைசி ஹூக் சிரமமில்லாமல் மாட்டும். மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் பழுதான நாளில் படியேறி மேலே வந்ததும் பேச முடியும். முழங்கால் வலி மாத்திரை எப்போது போட்டோம் என்றே மறந்து போகும். இவற்றையும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் அந்த எண்களையும் எழுத வேண்டும். பல பேருக்கு எடையைவிட அவைதான் முதலில் நல்லபடியாக மாறும்.

நான்கு வாரம் ஆகியும் சராசரி இறங்கவில்லை என்றால்

நான்கு வாரத்துக்குள் திட்டத்தை மாற்றாதீர்கள். திங்கட்கிழமை ஒரு டயட், வியாழக்கிழமை இன்னொரு டயட் என்று தாவினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது. நான்கு சராசரிகளும் அசையாமல், டேப்பும் அசையாமல் நின்றால் அப்போது சமையலறையைப் பாருங்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் எண்ணெய். தட்டில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, மாதச் சாமான் பட்டியலில் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் ஆகிறது என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி எண்ணெயிலேயே போகிறது. மூன்றரை லிட்டராக்கினால் ஆளுக்கு நாளுக்கு நூறு கலோரி மிச்சம், யாருடைய தட்டிலும் சோறு குறையாமல். நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். தடைக்காலம் முடிந்து மீன் வர ஆரம்பித்ததும் வறுவலை வாரத்தில் ஒரு நாளாக்கிவிட்டு, மற்ற நாளில் சங்கரா, கவளை எது கிடைத்தாலும் குழம்பாக வைத்தோம்.

அடுத்தது டீ. கடைவேலையில் ஒரு நாளைக்கு நாலு டீ சாதாரணம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. பால் கணக்கு தனி.

சோற்றை ஒரு வாரம் அளந்து போட்டுப் பாருங்கள். வடித்த சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி. வீட்டில் ஒரு கிண்ணத்தை அதற்கென்று வைத்துக்கொண்டு, கரண்டிக்குப் பதில் அந்தக் கிண்ணத்தால் போட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசியோ பொன்னியோ, கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மிச்சம் வைத்த அரை தோசை, பாத்திரத்தின் அடியில் இருக்கும் ஒரு பிடி சோறு, வீணாகப் போகக் கூடாது என்று நின்றுகொண்டே வாயில் போடுவது. அதை யாரும் சாப்பாடாகக் கணக்கு வைப்பதில்லை. நான் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி வந்தது. மிச்சத்தை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது அளந்து சமையுங்கள். உங்கள் வயிறு குப்பைக்கூடை இல்லை.

நடைக்கு இடம் ஒரு பெரிய பிரச்சினை என்று தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டாம், புகையும் தூசியும் தவிர உயிருக்கே ஆபத்து. ராயபுரம்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. எனக்கு மொட்டை மாடி. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே முன்னறையிலிருந்து பின்கட்டு வரை. வேலை முடிந்து திரும்பும்போது தண்டையார்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுவேன். அது தனியாக நேரம் கேட்காத நடை, அதனால்தான் நிலைத்தது.

சுற்றியிருப்பவர்கள் பேச்சு

பக்கத்து வீட்டு அக்கா மூன்றாவது வாரம் கேட்டார்: "இன்னாம்மா, சோத்தையே கொறச்சிட்டேன்னு சொன்ன, ஒரு சுத்துகூட கொறையலியே?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைக் குடைந்தது. அப்புறம் ஒரு பதில் தயார் செய்துகொண்டேன்: "மாசக் கடைசில சொல்றேன்க்கா." அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எடை எண்ணை வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். எல்லோரிடமும் சொன்னால் எல்லோரும் தினமும் கேட்பார்கள்.

பத்து நாளில் பத்து கிலோ என்று விற்கிற பவுடர், டீ, மாத்திரை எதையும் தொடாதீர்கள். பேதி போகவைத்தோ சிறுநீர் போகவைத்தோ தண்ணீரை இறக்கினால் மெஷின் எண் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொருளால் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் வருகிற கெடுதல் தனி.

டாக்டரிடம் எப்போது

சில பேர் ஆரம்பிக்கும் முன்பே போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள் தாங்களாகவே டயட் ஆரம்பிக்கக் கூடாது.

கால் வீங்கி, மூச்சு வாங்கி, அதோடு எடையும் வேகமாக ஏறினால் அது கருவாட்டு உப்பு இல்லை. அன்றைக்கே போங்கள். முயற்சி இல்லாமல் எடை தானாகக் குறைந்து, தாகமும் சிறுநீரும் அதிகமாக இருந்தாலும் போங்கள், சர்க்கரையாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக இருந்தும் சராசரி அசையவில்லை, அதோடு சோர்வு, முடி உதிர்வு, விலக்கு தள்ளிப்போவது என்று இருந்தால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேச வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள். மேல் சிகிச்சைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். ஆறு வாரத்து எண்களும் பக்கத்தில் எழுதிய காரணங்களும் இருந்தால், "எவ்வளவு சாப்பிடறீங்க?" என்ற கேள்விக்குத் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

எண்ணைப் பார்த்ததும் பட்டினி கிடக்கவோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கவோ தோன்றினால் மெஷினை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் டாக்டரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அது மன உறுதி இல்லாததால் வருவதில்லை, சிகிச்சை இருக்கிற பிரச்சினை.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு

என் ஆறு சராசரிகள்: 81.4, 81.1, 81.3, 80.4, 80.0, 79.6. நடுவில் ஒரு தடவை ஏறியிருக்கிறது, கடைசி மூன்றும் மெதுவாக இறங்கியிருக்கின்றன. ஐந்து வாரத்தில் சராசரி 1.8 கிலோ குறைந்திருந்தது. ஆடம்பரமான எண் இல்லை. ஆனால் திரும்ப ஏறாத எண்.

ஏழாவது வாரத்தில் ஆடி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி சத்தம், அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கூடவே கருவாட்டுக் குழம்பு. அத்தை சொம்பை நீட்டி, "நீதான் டயட்டாச்சே, உனக்கு வேணாமா?" என்று கேட்டார். வேணும் அத்தை என்று வாங்கிக் குடித்தேன், குழம்பும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மெஷினில் 80.7. பக்கத்தில் "ஆடிக்கூழ், கருவாடு" என்று எழுதிவிட்டு இட்லிக்கு ஊற்றப் போனேன். வியாழக்கிழமை 79.4.